விழுங்கிய மாத்திரையில் இரத்தத்தைச் சேர்வது எவ்வளவு?

வாய்வழியாக உட்கொள்ளும் மருந்து முழுவதும் இரத்தத்தைச் சென்றடைவதில்லை. அதில் எவ்வளவு பங்கு சிதையாமல் இரத்த ஓட்டத்தில் கலக்கிறதோ, அந்த அளவையே மருந்தியலார் ‘உயிர்க்கிடைப்பு’ என்கின்றனர். மருந்து பெரும்பாலும் உறிஞ்சப்படுவது இரைப்பையில் அன்று, குடலுறிஞ்சிகள் எனப்படும் நுண்விரல்கள் அடர்ந்த சிறுகுடலில் என்பதால், மாத்திரை எவ்வளவு விரைவாகக் கரைகிறது, இரைப்பை அதை எப்போது கீழே தள்ளுகிறது என்பவை முதன்மை பெறுகின்றன.

இதில் உணவின் பங்கு ஒரே வகையானதன்று. படர்தாமரைக்குத் தரப்படும் கிரைசியோஃபல்வின் நீரில் எளிதில் கரையாததால் கொழுப்புள்ள உணவுடன் உட்கொண்டால் நன்கு உறிஞ்சப்படுகிறது. டெட்ராசைக்ளினோ பாலிலுள்ள கால்சியத்துடன் பிணைந்து, உறிஞ்ச இயலாத சேர்மமாகிவிடுகிறது.

தைராய்டு சுரப்புக் குறைவுக்கான லெவோதைராக்சின் இவ்வகையில் மிகவும் நுட்பமானது. வெறும் வயிற்றில் உட்கொண்டாலும் அதில் ஏறத்தாழ 60 முதல் 80 விழுக்காடுதான் உறிஞ்சப்படும். காபியும் அதைக் குறைப்பதாக இத்தாலிய ஆய்வாளர்கள் 2008-இல் எழுதினர். இம்மருந்தின் பாதியளவு உடலிலிருந்து நீங்கவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆவதால், காலைக் காபியோடு மாத்திரையை விழுங்குபவர் அன்று எந்த மாற்றத்தையும் உணர்வதில்லை. சில வாரங்கள் கழித்து இரத்தப் பரிசோதனையில், தைராய்டு சுரப்பு குறையும்போது உயரும் டி.எஸ்.எச். என்னும் இயக்குநீர் கூடியிருக்க, குறை காபியில் இருந்தும் மருந்தின் அளவு கூட்டப்பட நேரிடலாம். காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக, தண்ணீருடன் மட்டும் உட்கொள்ளச் சொல்வதும், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி கேட்பதும் இதனால்தான்.

குடலைக் கடந்த மருந்து நேரே இதயத்துக்குச் செல்லாமல் முதலில் கல்லீரலுக்குச் சென்று, அங்குள்ள நொதிகளால் ஓரளவு சிதைக்கப்படுகிறது. இது ‘முதற்கடப்புச் சிதைவு’ எனப்படும். நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கச் சொல்வது இந்தச் சுங்கச்சாவடியைத் தவிர்க்கத்தான். குடற்சுவரிலும் இத்தகைய நொதி உண்டு; கிரேப்ஃப்ரூட் பழச்சாறு அதை முடக்குவதால், ஃபெலோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்து இரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறுவதைக் கனடிய ஆய்வாளர்கள் 1991-இல் காட்டினர்.

மாத்திரையின் மேற்பூச்சும் வெறும் அழகுக்கு அன்று. பான்டோப்ரசோல் இரைப்பை அமிலத்தில் அழிந்துவிடும் என்பதால், குடலை அடைந்த பின்னரே கரையும் பூச்சு அதற்கு இடப்படுகிறது. ஆகவே விழுங்கச் சிரமப்படுவோர் எந்த மாத்திரையையும் உடைக்கவோ பொடிக்கவோ செய்யுமுன் மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.