முப்படி முப்பரிமாணப் பல்லுருவும் தொகையிடத்தகு அமைப்புகளும்: இடைநிலை ஜேக்கோபியனின் இரு பணிகள்

முன்னுரை

ஓர் இயற்கணிதச் சமன்பாட்டின் தீர்வுகள் அனைத்தையும் சில துணையலகுகளின் விகிதமுறு சார்புகளாக எழுத இயலுமா என்பது வடிவியலின் பழைய வினா. ஓர் இயக்கத்தின் சமன்பாடுகளை முழுமையாகத் தீர்க்க இயலுமா என்பது இயக்கவியலின் பழைய வினா. தொடர்பற்றவையாகத் தோன்றும் இவ்விரண்டும் இடைநிலை ஜேக்கோபியன் என்னும் ஒரே வடிவில் சந்திக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

துணையலகு வினா

பல்லுறுப்புக்கோவைச் சமன்பாடுகளின் தீர்வுகள் அமைக்கும் வெளி பல்லுரு எனப்படும். இங்குப் பரிமாணம் கலப்பெண்களைக் கொண்டே எண்ணப்படுகிறது. வட்டத்தின் புள்ளிகளை, ஒன்று நீங்கலாக, ஒரே துணையலகால் ஒன்றுக்கு ஒன்றாகக் குறிக்கலாம். இத்தகைய குறிப்பீடு உடையது விகிதமுறு பல்லுரு. ஒரு புள்ளிக்குப் பல துணையலகு மதிப்புகள் அமையும் தளர்ந்த குறிப்பீடு இருந்தால், ஒன்றுக்கு ஒன்றான குறிப்பீடும் இருந்தே தீருமா? வளைவரைகளுக்கு ஆம் என 1876-இல் லியூரோத் நிறுவினார். கலப்பெண் பரப்புகளுக்கும் ஆம் எனப் பின்னர்க் காஸ்டெல்நுவோவோ நிறுவினார். முப்பரிமாணத்தில் இவ்வினா நெடுங்காலம் தீராதிருந்தது.

நாற்பரிமாண வீழ்ப்பு வெளியில் ஒரு முப்படிச் சமன்பாடு வரையறுக்கும் ஒழுங்கான முப்பரிமாணப் பல்லுரு இதற்குரிய உரைகல்லாக விளங்கியது. பொதுவாக ஒரு புள்ளிக்கு இரு மதிப்புகள் அமையும் குறிப்பீடு அதற்கு உண்டு என்பது முன்பே அறியப்பட்டிருந்தது.

தடையாக அமைந்த டோரசு

1972-இல் கிளெமன்சும் கிரிஃபித்சும் இப்பல்லுரு விகிதமுறு அன்று என நிறுவினர். அவர்களது கருவி இடைநிலை ஜேக்கோபியன் ஆகும். இப்பல்லுருவில் ஒன்றையொன்று சாராத பத்து முப்பரிமாணச் சுற்றுகள் உள்ளன (இவற்றின் பரிமாணம் மட்டும் மெய்யெண் கணக்கில் அமைந்தது). அவற்றின் மீது தொகையிட்டுப் பெறும் மதிப்புகள் ஐம்பரிமாணக் கலப்பெண் வெளியில் ஒரு புள்ளிப் பின்னலை அமைக்கின்றன. அப்பின்னலின் வழியே வெளியை மடித்தால் ஐம்பரிமாண டோரசு கிடைக்கிறது. அதுவே இடைநிலை ஜேக்கோபியன்.

பல்லுரு விகிதமுறு எனில், இந்த டோரசு வளைவரைகளின் ஜேக்கோபியன்களால் ஆனதாக இருத்தல் வேண்டும். கலப்பெண் வளைவரை துளைகளுள்ள ஒரு பரப்பாகத் தோன்றுவது. இங்கு ஐந்து துளைகளுள்ள ஒற்றை வளைவரையே தேவைப்படும். அத்தகைய வளைவரையின் ஜேக்கோபியனில், தீட்டாச் சார்பு சுழியாகும் இடத்தின் ஒழுங்கறு புள்ளிகள் குறைந்தது ஒரு வளைவரை அளவு பரந்திருக்கும். முப்படிப் பல்லுருவின் டோரசிலோ ஒரேயொரு ஒழுங்கறு புள்ளியே உண்டு என 1982-இல் போவில் காட்டினார். அப்புள்ளியின் தொடுகூம்பு தொடக்கத்திலிருந்த முப்படிச் சமன்பாட்டையே மீட்டளிக்கிறது. டோரசு தன் பிறப்பிடத்தை மறவாமல் காக்கிறது எனலாம்.

இயக்கத்தின் களமாகும் டோரசு

இனி இயக்கவியல் வினாவுக்கு வருவோம். ஓர் அமைப்பின் இடங்களையும் உந்தங்களையும் சேர்த்துக் கொண்ட நிலைவெளி இரட்டைப்படைப் பரிமாணம் உடையது. அதன் பரிமாணத்தில் பாதியளவு, ஒன்றையொன்று சாராதனவும் தம்முள் முரணாதனவுமாகிய மாறாக் கணியங்கள் இருப்பின், அது தொகையிடத்தகு அமைப்பாகும். எல்லைக்குட்பட்ட இயக்கமாயின், அது டோரசுகளின் மீது சீரான நேர்கோட்டு இயக்கமாக அமையும். கோவலெவ்ஸ்கயா 1888-இல் பாரிசு அறிவியற் கழகத்தின் பரிசைப் பெற்றுத் தந்த பம்பர இயக்கத்தின் தீர்வை இரு துளைகளுள்ள வளைவரையோடு இயைந்த தீட்டாச் சார்புகளால் எழுதினார். இங்கு டோரசுகள் வளைவரைகளிலிருந்து தோன்றின. முப்பரிமாணப் பல்லுருக்களின் டோரசுகளும் இப்பணியை ஆற்றுமா?

1990-களில் டொனாகியும் மார்க்மனும் இதற்கு விடை தந்தனர். டோரசுகளின் குடும்பம் ஒன்று நிலைவெளியாக அமைய, துணையலகுகள் மாறும்போது டோரசு மாறும் வீதம் ஒரு சமச்சீர் முப்படி வடிவத்திலிருந்து தோன்ற வேண்டும். ஐம்பரிமாண வீழ்ப்பு வெளியிலுள்ள ஒரு நாற்பரிமாண முப்படிப் பல்லுருவை மீத்தளங்களால் வெட்டினால், ஒவ்வொரு வெட்டுமுகமும் முப்பரிமாண முப்படிப் பல்லுருவாகும். மீத்தளங்களின் தொகுதி ஐம்பரிமாணம் உடையது. ஒவ்வொரு வெட்டுமுகத்தின் டோரசும் அவ்வாறே. இரண்டும் சேர்ந்து, ஒழுங்கான வெட்டுமுகங்களின் மீது, பத்துப் பரிமாண நிலைவெளியாகின்றன. மீத்தளங்களின் ஐந்து துணையலகுகள் மாறாக் கணியங்களாகின்றன.

ஒழுங்கற்ற வெட்டுமுகங்களில் டோரசு சிதைகிறது. பொதுவான நாற்பரிமாண முப்படிப் பல்லுருவுக்கு அவ்விடைவெளிகளை நிரப்பி, முழுமையான மிகைகேலர் வெளியை 2017-இல் லாசா, சக்கா, வுவாசன் ஆகியோர் அமைத்தனர். ஓகிரேடி 1999-இல் வேறு வழியில் கண்ட பத்துப் பரிமாண வெளியின் வகையையே அது சேர்ந்தது.

முடிவுரை

ஒன்றுக்கு ஒன்றான குறிப்பீடு இல்லை என நிறுவப் பயன்பட்ட டோரசே, பின்னர்ச் சீராகத் தீர்க்கத்தக்க இயக்கத்தின் களமாயிற்று. தனித்துக் காணும்போது அது தடையின் சான்று. குடும்பமாகக் காணும்போது இயக்கத்தின் இடம். எதிர்மறை முடிவு ஒன்றை நிறுவப் பயன்பட்ட கருவி, அம்முடிவோடு தன் பயன் தீர்ந்துவிடாது, பிறிதொரு துறையின் அடித்தளமாகவும் அமையக்கூடும் என்பதை இவ்வரலாறு தெளிவுபடுத்துகிறது.