மரம் கல்லான ஊர்

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யோசிக்கும்போது உங்களை இழுப்பது எது? கோயிலா, இயற்கையின் அதிசயமா? இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊர், நம்ம விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது!

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் போனால் திருவக்கரை. பௌர்ணமி வந்துவிட்டால் வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கக் கூட்டம் அலைமோதும். அதே ஊருக்கு இன்னொரு கூட்டமும் வருகிறது, கல்மரங்களைப் பார்க்க. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மண்ணில் புதைந்த மரங்கள், அங்கே கல்லாகவே மாறிக் கிடக்கின்றன. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால் மரத்தின் நார் ஓட்டம் அப்படியே தெரியும்; தொட்டுப் பார்த்தால் கெட்டிக் கல்!

பிரான்சு நாட்டு இயற்கை ஆய்வாளர் சொன்னெரா 200 ஆண்டுகளுக்கு முன்பே வியந்த இடம் இது. கடல் கடந்து வந்தவர் பார்த்துவிட்டார். பக்கத்திலேயே இருக்கும் நாம், அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போய்ப் பார்ப்போமா?