பலூன் சுடுற துப்பாக்கிக்கு வேகம் எவ்வளவு?

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போய்ட்டு பலூன் சுடாமலா திரும்புவீங்க? அந்த ஏர்கன் குண்டோட வேகத்தை அளக்க செல்போனே போதும்.

ஆள் இல்லாத, சத்தமில்லாத இடத்தில் துணி திணித்த தகர டப்பாவை 10 மீட்டர் தள்ளி வைங்க. துப்பாக்கி பக்கத்திலேயே போனில் ஒலிப்பதிவு. ஆடாசிட்டியில் திறந்தால் இரண்டு முகடுகள் தெரியும்: சுட்ட சத்தம், பட்ட சத்தம். இடைவெளி 0.109 விநாடின்னு வைப்போம். நேரா வகுத்தால் விநாடிக்கு 92 மீட்டர். தப்பு! பட்ட சத்தம் போனுக்குத் திரும்பி வரவும் நேரம் ஆகுமே. நம்ம ஊர் வெக்கையில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 10 மீட்டருக்கு 0.029 விநாடி. கழிச்சா மிச்சம் 0.080. ஆக, வேகம் 125 மீட்டர். இதுவும் சராசரிதான், குழல் வாயில் இன்னும் கொஞ்சம் கூட இருக்கும்.

அரை கிராம் குண்டுன்னா கிட்டத்தட்ட 4 ஜூல். கண்ணு போக அது தாராளம். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாம சுடாதீங்க.