தண்ணீரைக் குடிக்கிற துணி



ரமழானுக்கு முன் நம் அறக்கட்டளை வழங்கும் மளிகைப் பையில் இந்த ஆண்டு இரண்டு அடுப்படித் துணிகளையும் சேர்ப்பது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. "அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்கிற இடத்தில் துணி எதற்கு?" என்று கூட்டத்திலேயே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் பை வாங்காத குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

உருது பேசும் வீடுகளில் சாஃபி என்பார்கள். தமிழ் பேசும் வீடுகளில் கரித்துணி, கைத்துணி, பிடித்துணி என்று பல பெயர். பெயர் எதுவானாலும் அந்த ஒரே துணிதான் சூடான சட்டியை இறக்குகிறது, கழுவிய தட்டைத் துடைக்கிறது, மேடையில் கொட்டிய சால்னாவை ஒற்றி எடுக்கிறது, கையையும் துடைக்கிறது. கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போகும் நம் சகோதரிகளிடம், அடுப்படியில் என்ன துணி தொங்குகிறது என்று பார்த்து வரச் சொன்னேன். பெரும்பாலும் பழைய புர்காவின் துண்டு, கிழிந்த துப்பட்டா, நைட்டியின் கீழ்ப்பகுதி. எதையும் வீணாக்காமல் பயன்படுத்துவது நல்ல குணம். ஆனால் இந்த ஒரு இடத்தில் அது ஆபத்தாக முடியலாம்.

புர்காவும் துப்பட்டாவும் இன்று பெரும்பாலும் பாலியஸ்டர். பாலியஸ்டர் என்பது இழையாக்கப்பட்ட பிளாஸ்டிக். சுமார் 250 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது உருகத் தொடங்கிவிடும். கேஸ் அடுப்பின் சுடரோ அதைப் போலப் பல மடங்கு சூடு. பருத்தித் துணியில் தீப்பிடித்தால் கையை உதறி எறிந்துவிடலாம். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்கப் போனால் தோலும் சேர்ந்து வரும். நோன்பு நாளில், ஸஹருக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து சட்டி இறக்குகிற பெண்களை நினைத்துத்தான் குழு இந்த முடிவுக்கு வந்தது. முதல் விதி இதுதான்: பழைய புர்காவால் சன்னல் துடையுங்கள், வண்டி துடையுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

பாலியஸ்டருக்குத் தண்ணீரை இழுக்கும் குணமும் கிடையாது. காற்றில் இருக்கிற ஈரத்தை ஒரு நூல் எவ்வளவு பிடித்துவைக்கும் என்று நெசவுத் துறையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பருத்தி தன் எடையில் 8.5 விழுக்காடு பிடிக்கும். பாலியஸ்டர் வெறும் 0.4 விழுக்காடு. தட்டைத் துடைத்தால் தண்ணீர் இங்கிருந்து அங்கே நகர்கிறதே தவிரத் துணிக்குள் போவதில்லை என்று வீட்டில் அலுத்துக்கொள்வது இதனால்தான். (மைக்ரோஃபைபர் என்று விற்பதும் பாலியஸ்டர் கலந்ததே. இழைகளை மிக மெல்லியதாகப் பிளந்திருப்பதால் இடுக்குகளில் தண்ணீர் ஏறிக்கொள்ளும். கண்ணாடி துடைக்க நன்றாக இருக்கும். சூட்டுக்கு ஆகாது.)

சரி, பருத்தி என்று பார்த்து வாங்கிவிட்டோம். புதுத் துணியால் துடைத்தால் அதுவும் தண்ணீரை இழுக்கவில்லையே என்றால், அதற்குக் காரணம் கஞ்சி. தறியில் அறுந்துபோகாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சிப் பசை ஏற்றுவார்கள். பருத்தியின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய மெழுகுப் பூச்சும் உண்டு. ஆலையில் சரியாகச் சலவை செய்யாத துணியில் இரண்டும் அப்படியே இருக்கும். கடையில் மொடமொடப்பாக, பளபளப்பாக இருப்பதைப் பார்த்து "கெட்டித் துணி" என்று மயங்க வேண்டாம். இரண்டு மூன்று முறை வெந்நீரில் துவைத்த பிறகுதான் அதன் நிஜ குணம் தெரியும். பல வருடம் துவைத்து நைந்த பருத்தி வேட்டியும் கைலியும் தண்ணீரை அப்படிக் குடிப்பதன் ரகசியமும் இதுவே. கையில் அவை இருந்தால் கடைக்கே போக வேண்டாம். சதுரமாகக் கிழித்து ஓரம் அடித்தால் போதும்.

இல்லாதவர்கள் என்ன வாங்குவது? சேலம், நாமக்கல் தாண்டினால் கரூர். 1970களிலிருந்து அந்த ஊர் வெளிநாட்டுச் சமையலறைகளுக்கென்றே துணி நெய்து அனுப்புகிறது. பாத்திரம் துடைக்கும் துண்டு, சூடு பிடிக்கும் கையுறை, ஏப்ரன், மேசை விரிப்பு எல்லாம் அங்கிருந்து கப்பல் ஏறுகின்றன. ஐரோப்பாவில் ஒரு வீட்டு அடுப்படியில் கரூர்ப் பருத்தி தொங்க, பக்கத்திலிருக்கும் நம் மாவட்டத்தில் பாலியஸ்டர் தொங்குவது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது. ஏற்றுமதியில் கழிந்த துண்டுகள் கரூரிலும் ஈரோட்டிலும் கிலோ கணக்கில் கிடைக்கும். ஈரோட்டில் அப்துல் கனி ஜவுளி மார்க்கெட்டின் வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். கல்யாணச் சாமான் வாங்க அங்கே போகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்த்து வரலாம். அச்சு பிசகியதாலோ ஓரம் கோணியதாலோ கழித்த துண்டாக இருந்தால் நமக்கு ஒரு நட்டமும் இல்லை.

அந்தத் துண்டுகளில் தேன்கூடு போலக் குழி குழியாக நெய்த ஒரு வகை உண்டு. வாஃபிள் என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்தக் குழிகளில் தண்ணீர் தங்கும். மேடான பகுதி பாத்திரத்தில் உரசித் துடைக்கும். காற்று புகுவதால் சீக்கிரம் காயும். முதல் சலவையில் நன்றாகச் சுருங்கும் என்பதால் ஒரு சாண் பெரிதாகவே வாங்க வேண்டும். சுருள் இழை உள்ள டர்க்கி டவல் அதிகத் தண்ணீர் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடி டம்ளரில் பஞ்சு ஒட்டும், குக்கர் மூடியில் இழை மாட்டும், நம் மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்கக் காயாமல் கிடந்து நாற்றம் எடுக்கும். கடைக்காரர் ஜி.எஸ்.எம். அதிகம் என்று பெருமையாகச் சொல்வார். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதே ஜி.எஸ்.எம். குளியல் துண்டுக்கு அது பெருமை. அடுப்படித் துணிக்கு எடையை விடக் காய்கிற வேகம் முக்கியம்.

நான் பரிந்துரைப்பது ஈரிழைத் துண்டு. இரண்டிரண்டு இழையாகச் சேர்த்துச் சற்றுத் தளர்வாக நெய்தது. பள்ளிவாசல் ஹவுளுக்கு வருகிறவர்கள் பலர் தோளில் போட்டு வருவது அதுதான். கோ-ஆப்டெக்ஸிலும் கதர்க் கடையிலும் கிடைக்கும். 30க்கு 60 அங்குலத் துண்டு ஒன்றைக் குறுக்கே நான்காக வெட்டினால் 30க்கு 15 அங்குலத்தில் நான்கு அடுப்படித் துணி. பையில் நாங்கள் வைக்கப்போவதும் இதையே.

பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, வீட்டுக்கு வந்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. சுருண்டு கறுத்துக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. உறிஞ்சும் தன்மையைச் சோதிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். துவைத்துக் காய்ந்த துணியில் விட்ட சொட்டு உடனே பரவி மறைய வேண்டும். முத்துப் போல உருண்டு நின்றால் அதில் கஞ்சியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கிறது.

நல்ல துணியும் சில மாதங்களில் அப்படி ஆகிவிடுகிறது என்பது நம் பகுதியில் பொதுவான புகார். அதற்குத் துணியைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் போர்த் தண்ணீர் பல இடங்களில் கடின நீர். அதிலுள்ள சுண்ணாம்பு உப்பு, சலவைக் கட்டி சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு பிசுக்காக மாறி இழைகளில் படிகிறது. தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போகாது. மணத்துக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் கம்ஃபர்ட் போன்ற திரவங்களும் இழைமேல் கொழுப்புப் பூச்சைத்தான் விடுகின்றன. அடுப்படித் துணிக்கு அவை வேண்டவே வேண்டாம்.

பழைய வண்ணார்களுக்கு இதற்கு வழி தெரிந்திருந்தது. உவர்மண்ணில் நனைத்து வெள்ளாவி வைப்பார்கள். உவர்மண்ணில் இருக்கும் சோடா உப்பும் நீராவியும் சேர்ந்து பிசுக்கை அறுக்கும். இன்று அதற்குப் பதில் வாஷிங் சோடா இருக்கிறது. ஆப்ப சோடா வேறு, இது வேறு. எவர்சில்வர் பாத்திரத்தில் துணி மூழ்கத் தண்ணீர் வைத்து, ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா போட்டு 15, 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் செய்தால் பாத்திரம் அரித்துப்போகும். பிறகு இரண்டு முறை அலசுங்கள். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் வரும் தெருக்களில், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு செம்பு அதை எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சுண்ணாம்பு அதிகம் படிந்த துணிக்கு அலசும் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விடலாம். ஆனால் வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும்.

கொதிக்க வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மொரீஷியஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மாதம் பயன்படுத்திய 100 அடுப்படித் துண்டுகளைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். 49 துண்டுகளில் கிருமி வளர்ந்தது. ஆட்கள் அதிகமுள்ள வீடுகளிலும் குழந்தைகள் உள்ள வீடுகளிலும் கூடுதல். எல்லா வேலைக்கும் ஒரே துண்டை வைத்திருந்த வீடுகளிலும், துண்டு ஈரமாகவே கிடந்த இடங்களிலும் கூடுதல். இறைச்சி சமைக்கும் வீடுகளின் துண்டுகளில் குடலிலிருந்து வரும் கிருமி அதிகம் காணப்பட்டது. கூட்டுக் குடும்பம், சின்னப் பிள்ளைகள், இறைச்சி என்று நம் வீடுகளைப் பார்த்தே எழுதியது போல இருக்கிறது. குர்பானி நாட்களில் கறி வெட்டிய கையைத் துடைத்த துணியாலேயே பிள்ளையின் பால் டம்ளரைத் துடைப்பது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதைச் சகோதரிகள் அறிவார்கள்.

அதனால்தான் பையில் ஒன்றல்ல, இரண்டு துணி. நீலக் கரை போட்டது கழுவிய பாத்திரத்துக்கு மட்டும். சிவப்புக் கரை போட்டது சட்டி பிடிக்க. அது எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும். ஈரத் துணியால் சூட்டுச் சட்டியைப் பிடித்தால் சூடு உடனே கைக்கு ஏறிவிடும், அந்த ஈரமே ஆவியாகிக் கையைப் பொசுக்கும். மேடை துடைக்கவும் கறிக் கை துடைக்கவும் மூன்றாவதாகப் பழைய கைலித் துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரவில் மூன்றையும் கொடியில் விரித்துப் போடுங்கள். சுருட்டிக் குழாய்மேல் வைப்பதும், கேஸ் டியூப் மேல் தொங்க விடுவதும் கூடாது.

வீட்டில் பருத்தி வேட்டியோ கைலியோ இருந்து, ஓரம் அடிக்க வசதி இல்லாதவர்கள் நம் தையல் வகுப்பில் கொடுக்கலாம். அஸருக்குப் பிறகு சகோதரிகள் இருப்பார்கள். கூலி கிடையாது. துணியைத் துவைத்துக் கொண்டுவந்தால் போதும். மளிகைப் பைக்கான துண்டுகளும் அங்கேதான் வெட்டப்படுகின்றன. தையல் தெரிந்தவர்கள் ஒரு மணி நேரம் வந்து கை கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், ஷஅபான் முடிவதற்குள் வேலை முடிந்துவிடும்.