யாழ்ப்பாணத்துக்கு ஒரு குடும்பப் பயணம்



பிள்ளைகளுக்கு விடுமுறை வந்தால் ஊட்டி, கொடைக்கானல். கொஞ்சம் வசதியிருந்தால் மலேசியா, துபாய். நம் வீடுகளில் பயணம் என்றால் இவ்வளவுதான். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்கிற தூரத்தில் நம் மொழி பேசும் ஊர் ஒன்று இருக்கிறது. நாகூருக்குப் பலமுறை போய் வந்தவர்கள்கூட அதே கடலின் மறுகரையை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும் உண்டு. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் சீட்டு வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரம் சுமார் 18 கிலோ மீட்டர்தான்.

எப்போது போவது? எந்த ஊருக்கும் அந்த ஊரின் அடுப்பைப் பார்த்துப் போக வேண்டும் என்பது என் கட்சி. யாழ்ப்பாணத்தின் அடுப்பைப் பனையும் கடலும் ஆள்கின்றன. ஆடி முதல் நாளான ஆடிப்பிறப்பு, ஜூலை நடுவில் வருவது, அங்கே கூழுக்குரிய நாள். அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்த்துக் காய்ச்சும் இனிப்புக் கூழும் கொழுக்கட்டையும் வீடுகளில் மணக்கும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் இதைப் பற்றி எழுதிய பாட்டை அங்குள்ள பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது இந்துச் சகோதரர்களின் நாள், நமக்குப் பண்டிகையன்று. ஆனால் ஊரின் சமையலை அறிந்துகொள்ள அந்த வாரம் பொருத்தமானது. கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தின் கடைசிப் பழங்களும் கிடைக்கலாம்.

சற்றுத் தள்ளி, ஜூலை கடைசி அல்லது ஆகஸ்டில், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா தொடங்கும். வெளிநாட்டுத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிவார்கள். தங்கும் அறை கிடைப்பது கடினம், வாடகையும் ஏறும். அந்நாட்களில் பல வீடுகளில் மச்சம், மாமிசம் சமைப்பதில்லை. மீன் கூழ் குடிக்கப் போகிறவர்கள் அதற்கு முன்பே போய்விடுவது நல்லது. பனங்காய்ப் பணியாரம்தான் வேண்டும் என்றால் மட்டும் பனம்பழம் பழுத்து விழும் ஆவணிக்குத் தள்ளிப் போடுங்கள்.

இனி ஒடியல் கூழ். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவுதான் கூழுக்கு உயிர். மாவைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, மேலே தெளியும் நீரைக் கொட்டிவிட வேண்டும். அப்போதுதான் காறல் போகும். இதில் அவசரப்படவே கூடாது. ஒரு பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, மீன் எல்லாம் ஒரே பானையில் வெந்ததும், அரைத்த செத்தல் மிளகாயையும் பழப்புளியையும் சேர்த்து, கரைத்த மாவை ஊற்றிக் கொதிக்கவிட்டு, முருங்கையிலை தூவி இறக்குவார்கள். பலா இலையைக் கோலிக் குடிப்பதுதான் பழைய வழக்கம்.

பெரும்பாலும் நண்டு, இறால், கணவாய் எல்லாமே பானையில் விழும். நண்டு குறித்து மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருப்பது உங்களுக்குத் தெரியும். ஹனஃபி வீட்டாருக்கு மீனைத் தவிர மற்றவை ஆகாது. எல்லாம் ஒன்றாக வேகும் சமையல் என்பதால் எடுத்து ஒதுக்க முடியாது. முதல் நாளே 'மீன் மட்டும் போட்டுக் காய்ச்சுங்கள்' என்று சொல்லிவையுங்கள். பனைப் பானத்திலும் அதே எச்சரிக்கை வேண்டும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கியது பதநீர். அதை அவர்கள் கருப்பநீர் என்பார்கள். தடவாததில் இறங்குவது கள். பார்வையை மட்டும் நம்பிவிடாதீர்கள். வாய்விட்டுக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று முழு நாட்கள் போதும். பயணத்தில் மார்க்கம் தந்த சலுகைக்கும் அது பொருந்தும்: போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் ஷாஃபி மத்ஹபினர் கஸ்ரும் ஜம்உம் செய்துகொள்ளலாம்.

முதல் நாள் நகரம். போர்த்துக்கீசர் 1618இல் தொடங்கிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோண வடிவில் பெருக்கிக் கட்டினார்கள். 1990இல் அது போரில் சிதைந்தது. பின்னர் ஓரளவு சீர்செய்தார்கள். அருகிலேயே பொது நூலகம். 1981இல் தீ வைக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்த இடம் அது. 2003இல் மறுபடி திறந்தார்கள். நம் பிள்ளைகளை அந்தப் படிகளில் நிறுத்தி அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் பருத்தித்துறை வடையும் பயற்றம் பணியாரமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் தீவுகள். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு. பவளக் கற்களை அடுக்கிய வேலிகள், ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த காட்டுக் குதிரைகள், பெரிய பெருக்க மரம். ஆப்பிரிக்க இனமான அந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்கிறார்கள். போகும் வழியிலுள்ள வேலணைத் தீவில்தான் பழைய துறைமுகமான ஊர்காவற்றுறை. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவில் இருக்கிறது. பரதேசத்து வணிகர்கள் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களைப் பாதுகாக்க வேண்டும். யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் சேதமடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவருக்கு. மற்றச் சரக்கானால் பாதிப் பாதி என்பது அதன் சாரம். 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும், அந்த மன்னர் பாரசீக மொழி அறிந்திருந்ததையும், அவருடைய முத்துக்களையும் எழுதிவைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் நேற்று வந்தவர்கள் அல்லர்.

மூன்றாம் நாளை வேறெதற்கும் கொடுக்காதீர்கள். அது சோனகர் தெருவுக்கு. சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத பகுதி.

இரும்புக்கடை, நகைக்கடை, தையல் என்று யாழ்ப்பாண வணிகத்தில் முஸ்லிம்களுக்கு நிலையான இடம் இருந்தது. எம்.எம்.சுல்தான் மாநகர மேயராகவே இருந்திருக்கிறார். 1990 அக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்தில் முஸ்லிம்களைக் கூட்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு. நகையும் பணமும் பறிக்கப்பட்டன. மாற்றுடையும் சொற்பப் பணமும்தான் கையில். அந்த அக்டோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் குடிசைகளில் தங்கினார்கள். அங்கேயே பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவர்களுக்கும் திருமணமாகிவிட்டது. புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் 2002இல் மன்னிப்புக் கேட்டார். 2009இல் போர் முடிந்த பிறகு குடும்பங்கள் திரும்பத் தொடங்கின. வந்து பார்த்தால் கூரையில்லாத சுவர்கள், வீட்டுக்குள் மரங்கள். இன்று பள்ளிவாசல்களில் பாங்கு ஒலிக்கிறது, ஒஸ்மானியாவும் கதீஜா வித்தியாலயமும் நடக்கின்றன. ஆனாலும் வீடு, தொழில், பிள்ளைகளின் படிப்பு காரணமாகப் பல குடும்பங்களுக்கு ஒரு கால் புத்தளத்தில், ஒரு கால் இங்கே.

ஊர் என்பது வீடு கட்டினால் மட்டும் திரும்பாது. கடைக்கு வாடிக்கையாளர் வர வேண்டும், சமைக்கத் தெரிந்தவளிடம் யாராவது சமையல் கேட்க வேண்டும். நாம் போய்ச் சாப்பிடுவதும் பொருள் வாங்குவதும் அந்த வகையில் சிறிய காரியமன்று. ஆகவே லுஹர் தொழுகையை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே பள்ளிவாசலில் விசாரித்து, வீட்டில் சமைத்துக் கொடுப்பவர்கள் இருந்தால் பகல் உணவைச் சொல்லிவையுங்கள். வட்டிலப்பம் கேளுங்கள், கீழக்கரை, காயல்பட்டினம் சகோதரிகள் தங்கள் கைப்பக்குவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உம்மா, வாப்பா என்று அவர்கள் கூப்பிடுவதைக் கேட்டால் நம் கடற்கரை ஊர்தானோ என்று தோன்றும். பேரம் பேசுவதை அன்று மட்டும் விட்டுவிடுங்கள். இடிந்த வீட்டின் முன் நின்று போட்டோ எடுப்பது வேண்டாம். அது யாரோ ஒருத்தியின் அடுப்படி. 'அன்று என்ன நடந்தது?' என்று நீங்களாகக் கேட்க வேண்டாம். அவர்களே சொன்னால் காதுகொடுத்துக் கேளுங்கள்.

திரும்பும்போது ஒடியல் மாவு, புழுக்கொடியல், குட்டானில் அடைத்த பனங்கட்டி, பினாட்டு ஆகியவற்றைக் கொண்டுவரலாம். குட்டான் வெயிலில் உருகும். பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைக்காதீர்கள். மாவை ஈரம் படாத டப்பாவில் அடைத்தால் நம் வீட்டிலும் ஒரு வெள்ளிக்கிழமை கூழ் காய்ச்சலாம். பலாக்கொட்டை நம்மூர்ச் சந்தையிலேயே கிடைக்கிறது.