மரப்பட்டையில் ஒரு காற்றுமானி

நாஞ்சில் நாட்டில் தென்னை, மா, பலா, அயனி ஆகியவற்றின் அடிமரத்தில் சாம்பலும் வெண்மையும் கலந்த திட்டுகள் படிந்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். மரத்துக்கு வந்த நோய் என்று கருதி அவற்றைச் சுரண்டி எடுப்பவர்கள் உண்டு. சுண்ணாம்பு பூசி மறைப்பவர்களும் உண்டு. உண்மையில் அது நோயன்று. லைக்கன் என்னும் உயிரி. செட்டிநாட்டுச் சமையலுக்கு மணம் சேர்க்கும் கல்பாசியும் லைக்கன்தான்.

பூஞ்சையும் பாசியும் ஓருடலாகக் கூடி வாழ்வதே லைக்கன். ஸ்விட்சர்லாந்து தாவரவியலாளர் சைமன் ஸ்வெண்டனர் 1867-இல் இதைக் கூறியபோது அறிஞர்கள் பலர் ஏற்க மறுத்தனர். பாசி சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறது. பூஞ்சை அதற்கு உறைவிடமும் ஈரமும் அளிக்கிறது. மரப்பட்டை இவற்றுக்கு இருப்பிடம் மட்டுமே. மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை.

வேர் இல்லாததால் மழையிலிருந்தும் பனியிலிருந்தும் காற்றிலிருந்துமே லைக்கன் நீரையும் சத்துகளையும் பெறுகிறது. காற்றில் கலந்துள்ள கந்தக டை ஆக்சைடும் உலோகத் துகள்களும் அதனுடன் சேர்ந்தே உட்புகுகின்றன. பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் செழித்திருந்த லைக்கன்கள் நகரின் பிற பகுதிகளில் அருகியிருந்ததைக் கவனித்த வில்லியம் நைலாண்டர், காற்றின் தூய்மையை அளக்கும் கருவியாக அவற்றைக் கொள்ளலாம் என 1866-இலேயே எழுதினார்.

இந்தியாவில் 2,700-க்கும் மேற்பட்ட லைக்கன் இனங்கள் பதிவாகியுள்ளன. அனைத்தின் பெயரையும் அறிய வேண்டியதில்லை; வடிவத்தை அறிந்தாலே போதும். பட்டையோடு பூச்சுபோல் ஒட்டிக்கிடப்பது ஒருவகை; கமுகின் வழவழப்பான தண்டில் கருநிறக் கிறுக்கல்களுடன் காணப்படுவது இதைச் சேர்ந்தது. இலைபோல் விளிம்பு விரிந்திருப்பது இரண்டாம் வகை. தாடிபோல் தொங்குவதும் சிறு புதர்போல் கிளைப்பதும் மூன்றாம் வகை. பொதுவாக, பூச்சு வகை மாசை ஓரளவு தாங்கும். புதர் வகை எளிதில் மறைந்துவிடும். நாகர்கோவில் நகரச் சாலை மரங்களையும் கீரிப்பாறை வனப்பகுதி மரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால், ஈரப்பதமும் நிழலும் மாறினாலும் லைக்கன் மாறும் என்பதால், ஒரேவகை மரங்களை ஒப்பிடுவதே முறை.

அதற்கு மரத்தை அறிந்திருக்க வேண்டும். அயனியும் பலாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் பால் வடியும். பலா அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் காய்க்கும். அயனி கிளை நுனிகளில் காய்க்கும். நெருக்கமான இணை நரம்புகள் ஓடும் பளபளப்பான இலை புன்னையைக் காட்டிக்கொடுக்கும். பட்டையை உரித்துக்கொண்டே இருக்கும் கொய்யாவில் லைக்கன் நிலைப்பது அரிது. பட்டையை நெடுங்காலம் தக்கவைக்கும் முதிர்ந்த மரங்களே அதற்கு ஏற்ற இடம்.

இங்குதான் நாம் கவலைப்பட வேண்டிய செய்தி இருக்கிறது. சாலை விரிவாக்கத்துக்காக ஒரு மரம் வெட்டப்பட்டால், ஈடாகப் பத்துக் கன்றுகள் நடுவதாக உறுதியளிப்பது வழக்கம். லைக்கன்களில் பல ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளர்பவை. உள்ளங்கை அகலத் திட்டு ஒன்று உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். அதை உணவாகவும் உறைவிடமாகவும் கொண்ட சிற்றுயிர்களும் மரத்தோடு போய்விடும். பத்துக் கன்றுகளின் இளம்பட்டை இந்த இழப்பை நம் தலைமுறையில் ஈடுசெய்யாது.

பொது இடங்களில் மரம் வெட்ட அனுமதி கோரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மாவட்டப் பசுமைக் குழு, மரங்களின் எண்ணிக்கையோடு அவற்றின் வயதையும் அவற்றில் வாழும் உயிர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். பள்ளிகளின் பசுமைப் படை மாணவர்கள் தங்கள் தெருவின் முதிய மரங்களையும் அவற்றில் உள்ள லைக்கன் வகைகளையும் ஆண்டுதோறும் பதிவுசெய்யலாம். இதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். எந்த மரத்தில் எது இருந்தது என்ற பதிவு கையில் இருந்தால்தான், அந்த மரத்தைக் காக்கும்படி அதிகாரிகளிடம் ஆதாரத்துடன் கேட்க முடியும்.