மூன்று சாட்சிகள் போதும். முப்பது நாள் அறிவிப்பு எதற்கு?

புது தில்லி: குளிர்காலம் தொடங்கியதும் தலைநகரின் தெருக்களை அடைத்துக்கொண்டு செல்லும் குதிரை ஊர்வலங்களையும் பேண்டு வாத்தியத்தையும் காண்பவர்களுக்கு, நெருங்கிய உறவினர், நண்பர் என இருபது பேருடன் முடிந்துவிடும் திருமணம் கண்ணில் படுவதில்லை. ஆனால், திருமணத்தைச் சிறிதாக்க வேண்டும் என்ற ஆசை நாடாளுமன்றத்தில் அவ்வப்போது தலைகாட்டியே வந்துள்ளது.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாக்களுக்கு உரியது. தொகுதிக்குப் புறப்படும் அவசரத்தில் உறுப்பினர்கள் பலர் அவையில் இருப்பதில்லை. அத்தகைய நேரத்துக்கென வந்தவைதான் இந்த மசோதாக்கள். பிகாரின் சுபால் தொகுதி உறுப்பினராக இருந்த ரஞ்சீத் ரஞ்சன் கொண்டுவந்த 2016-ஆம் ஆண்டு மசோதா, ரூ.5 லட்சத்துக்கு மேல் செலவிடுவோர் அதில் 10 சதவீதத்தை ஏழைப் பெண்களின் திருமண நிதிக்குத் தர வேண்டும் என்றது. பஞ்சாபின் கடூர் சாஹிப் தொகுதியின் ஜஸ்பீர் சிங் கில் 2020-இல் அறிமுகப்படுத்தி, 2023 ஆகஸ்டில் எடுத்துக்கொள்ளப்பட்ட மசோதா இன்னும் கறாரானது. இரு வீட்டாருக்கும் சேர்த்து 100 விருந்தினர், 10 உணவு வகைகள், பரிசு ரூ.2,500-க்கு மிகாமல். பக்வாராவில் தாம் சென்ற ஒரு திருமணத்தில் 285 தட்டுகள் வைக்கப்பட்டிருந்ததாகவும், அவற்றில் 129 தட்டுகளில் ஒருவரும் கரண்டியே வைக்கவில்லை என்றும் அவர் கூறினார். இரண்டு மசோதாக்களும் சட்டமாகவில்லை. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை என்பதால் இதில் வியப்பும் இல்லை.

சட்டத்தால் இயலாததைக் கிருமி செய்தது. 2020 மே மாதம் திருமணத்துக்கு 50 பேர் என மத்திய அரசு வரம்பு விதித்தது. 2021 மே மாதம் தில்லியில் வீட்டிலோ நீதிமன்றத்திலோ மட்டும், அதுவும் 20 பேருடன்தான் நடத்தலாம் என்று உத்தரவிடப்பட்டது. தடை நீங்கியதும் குதிரைகள் திரும்பிவிட்டன.

இவை கட்டாயத்தின் கதை. தாமாக விரும்பி மிகச் சிறிய திருமணத்தைத் திட்டமிடுவோர், குறிப்பாக மதம் மாறாமல் மணக்க விரும்பும் வெவ்வேறு மதத்தினர், வந்து நிற்குமிடம் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட எளிய சட்டம் இல்லை. மணமக்கள், திருமண அலுவலர், மூன்று சாட்சிகள், அவ்வளவே. கூடுதல் கட்டணம் செலுத்தினால் அலுவலர் நியாயமான தொலைவில் உள்ள வீட்டுக்கே வரவும் சட்டம் இடமளிக்கிறது. எந்தச் சடங்கு முறையையும் பின்பற்றலாம். ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லும் சொற்கள்தான் கட்டாயம்.

சிக்கல் அதற்கு முந்தைய நாள்களில் இருக்கிறது. இருவரில் ஒருவராவது 30 நாள்கள் வசித்த மாவட்டத்தில் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால், அங்குள்ள அலுவலகத்துக்கும் நகல் போகும், அங்கும் ஒட்டப்படும். 30 நாள்களுக்குள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அறிவிப்பு தந்து மூன்று மாதங்களுக்குள் திருமணம் நடக்காவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரயில் முன்பதிவோ 60 நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெளியூரிலிருந்து வர வேண்டிய அக்காவுக்கோ நண்பருக்கோ எந்தத் தேதியைச் சொல்வது என்பது பஞ்சாங்கம் பார்ப்பதைவிடக் கடினமான கணக்கு.

தேதிக் குழப்பத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்துப் பேரை மட்டும் அழைக்க விரும்புபவர்களின் பெயரையும் முகவரியையும் ஊருக்கே அரசு அறிவிப்பதைத்தான் பொறுக்க முடியாது. குடும்பத்தின் எதிர்ப்புக்கு அஞ்சி வீட்டைவிட்டு வந்த பெண்ணின் சொந்த மாவட்டத்துப் பலகையில் அவள் பெயர் தொங்குவது, அழைக்கப்படாதவர்களுக்கு அனுப்பப்படும் அழைப்பிதழன்றி வேறென்ன?

நீதிமன்றங்கள் இதைத் தொட்டும் தொடாமலும் வந்துள்ளன. தில்லியில் அறிவிப்பை மணமக்களின் வீட்டு முகவரிக்கே அனுப்பிவந்த வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று தில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் கூறியது. மணமக்கள் விரும்பினால் மட்டுமே வெளியிட வேண்டும் என்று அலாகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சட்டப் பிரிவுகளையே எதிர்த்து வந்த பொதுநல மனுவை, மனுதாரர் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் அல்லர் என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது.

தமிழகத்தின் நிலை இங்கு கவனிக்கத்தக்கது. அண்ணா ஆட்சியில் 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி, உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், முன்னறிவிப்பு கிடையாது. அதற்குப் பகிரங்க அறிவிப்பு தேவையில்லை என்றும், வழக்கறிஞர்களும் நண்பர் என்ற முறையில் உடனிருக்கலாம் என்றும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வெளிப்படையாக மணக்குமாறு கட்டாயப்படுத்துவது குடும்ப மிரட்டலுக்கு ஆளானவர்களின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால், அந்தப் பிரிவு இரு இந்துக்களுக்கு மட்டுமே. அதே காரணம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும் கலப்பு மத மணமக்கள், சென்னையிலும் 30 நாள்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

உள்நோக்கத்துடன் பொய் ஆட்சேபம் கிளப்புவோரிடமிருந்து இழப்பீடு பெறவும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்துள்ளது. அதன் உச்சவரம்பு ரூ.1,000.